துறை தாண்டிப் பரீட்சைக்கு



பரீட்சைக்குத் தோற்றும் மாணவருக்கு அனுப்பப்படும் அனுமதி அட்டையோடு சில விதிகளும் வந்து சேரும். குறித்த வேளைக்கு முன்னதாகவே பரீட்சை நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். சுட்டெண் குறித்த மேசையிலேயே அமர வேண்டும். தன்னை யாரென்று நிலைநாட்டும் அடையாள அட்டையை மேசைமீது வைத்திருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கழிந்தபின் வருபவர் உள்ளே விடப்படார். அந்த அரை மணி கழியுமுன் எவரும் வெளியே செல்லவும் ஆகாது. கடைசி இரண்டு விதிகளும் ஒரே பூட்டின் இரு தாழ்கள் போன்றவை. முன்னே எழுந்து சென்றவர் வினாக்களை வெளியே கொண்டு செல்லலாம். பின்னே வருபவர் அவற்றைக் கேட்டறிந்து வரலாம். ஆதலால் இரண்டு வழியையும் ஒருங்கே அடைத்தார்கள். நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் நின்று நிலவும் ஏற்பாடு இது.

இவ்விதிகள் யாவும் மண்டபத்தின் வாசற்படியிலே தொடங்குகின்றன. வாசற்படிக்கு முன்னே கிடக்கும் வழியைப்பற்றி அவை ஒன்றும் கூறுவதில்லை. மண்டபத்தினுள்ளே புகுந்துவிட்டால் செல்வர் மகனும் மீன்பிடிப்பவர் மகனும் ஒருவரே. ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம், ஒரே மேசை. ஆனால் கொழும்பிலே கறுவாத்தோட்டத்தில் வாழும் ஒருவன் காலை உணவை முடித்துக்கொண்டு நடந்தே வந்து அமரும் அந்த மேசைக்கு, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து வருபவன் எத்தனை நாள் முன்னதாகப் புறப்பட்டான்? எத்தனை துறை கடந்தான்? இவ்வினாவை மனத்திற்கொண்டு, திருகோணமலைத் துறைமுகப் பகுதி மாணவர் சர்வகலாசாலைப் பரீட்சைகளுக்குச் சென்ற வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

திருகோணமலை மாவட்டத்தின் அமைப்பை அறியாதார் பொருட்டு ஒரு சொல். பெருந்துறைமுகத்தின் வடபால் நகரம் இருக்கிறது. தென்பால் கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை தன் நெடுவழி முடிந்து அக்குடாவிலே கலக்கிறது. மேற்கே தம்பலகாமக் குடா. அதன் வாயில் கிண்ணியா. குடாக்களும் ஆற்று வாய்களும் கழிகளும் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருத்தலின், கண்ணுக்கு எட்டும் ஊருக்குக் கால் எட்டாது. உலகம் புகழும் இத்துறைமுகம் கப்பல்களுக்கு வாயில். கரையிலே வாழும் மக்களுக்கோ அதுவே அகழி.

முதலில் மாணவன் பரீட்சையைத் தேடிக் கடல் கடந்து சென்றான். 1857-ஆம் ஆண்டிலே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் தோன்றின. அவை அக்காலத்தில் பாடம் நடத்திய கழகங்கள் அல்ல. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் பெருந்தொழில். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. பட்டம் பெற்ற முதல் வகுப்பிலே கடல் கடந்து வந்தவர்களே நின்றார்கள் என்றால், அக்காலத்து ஈழத் தமிழருக்குப் பாக்குநீரிணை எவ்வளவு சிறிய தடையாக இருந்தது என்பது விளங்கும். கொழும்பிலும் சென்னை அண்மையிலிருந்தது என்றுகூடச் சொல்லலாம். தூரத்தினால் அன்று, மொழியினாலும் உறவினாலும்.

திருகோணமலையிலிருந்தும் அவ்வழியே சென்றவர்கள் உண்டு. 1863-இல் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை அவர்கள் சென்னைக்குச் சென்று பி. ஏ. பட்டம் பெற்று, தமிழ் நூல் பதிப்பிலும் ஆராய்ச்சியிலும் பெயர் நாட்டினார். அவர் இளவல் தி. த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் சென்னையில் வாழ்ந்த காலத்திலேதான், 1895-இல், 'மோகனாங்கி' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் அதுவே என்று இலக்கிய வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். இவ்விருவரையும் நாம் பெருமையோடு எண்ணுகிறோம். எனினும், சென்றவர்களின் பெயர்தான் ஏட்டில் நிற்கும். கப்பற் கூலிக்கும் அந்நிய நகரத்தில் உண்டிக்கும் உறையுளுக்கும் வழியின்றிக் கோணமலைக் குன்றடியிலேயே நின்றுவிட்டவர்களின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த காலத்தில் பரீட்சை தானே கப்பலேறி வந்தது. இதன் தொடக்கம் லண்டனில். 1836-இல் நிறுவப்பட்ட லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டின் சாசனத்தினால் ஒரு புதுமையைச் செய்தது. குறித்த கல்லூரியிலே பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கி, எங்கே எவ்விதம் கற்றவராயினும் பரீட்சைக்கு வரலாம் என்று கதவைத் திறந்தது. 1865-இல் மொரீசியசுத் தீவிலே அப்பரீட்சை நடைபெற்றது. முத்திரையிட்ட உறையிலே வினாத்தாள் கப்பலில் சென்றது. தீவின் அதிகாரிகள் மேற்பார்வை செய்தார்கள். விடைத்தாள் மீண்டும் கப்பலில் லண்டனுக்குத் திரும்பியது. சர்வகலாசாலை என்பது ஓர் ஊரில் உள்ள கட்டடம் என்ற எண்ணம் அன்று தகர்ந்தது. உறையும் அரக்கும் கடிகாரமும் இருந்தால் எந்தத் தீவிலும் ஒரு சர்வகலாசாலையை மூன்று மணி நேரத்துக்கு அமைத்துவிடலாம் என்றாயிற்று. 1878-இல் லண்டன் தன் பட்டங்களைப் பெண்களுக்கும் திறந்து விட்டது.

இலங்கைக்கும் இவ்வேற்பாடு வந்தது. 1880 முதல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இங்கே நடைபெறலாயின. அவற்றை அடுத்து லண்டன் மற்றிக்குலேஷன் பரீட்சையும் வந்தது. 'உள்ளூர்ப் பரீட்சை' என்னும் பெயர் எனக்கு எப்போதும் ஒரு சிறு நகையை விளைவிப்பது. வினாவை ஆக்கியவர் கேம்பிரிட்ஜில். விடையைத் திருத்துபவர் கேம்பிரிட்ஜில். இடையிலே மை சிந்தும் மாணவன் மட்டுந்தான் உள்ளூர்.

லண்டன் பட்டத்துக்கு வெளிவாரியாகத் தோற்றுவது எளிய காரியம் அன்று. மற்றிக்குலேஷன், இன்டர்மீடியற், இறுதிப் பரீட்சை என்று படிப்படியாக ஏற வேண்டும். விண்ணப்பமும் கட்டணமும் பல மாதங்களுக்கு முன்னரே கடல் கடக்க வேண்டும். தம்மைப் பரீட்சிப்பவர் யார் என்று அறியார். தவறு எங்கே நேர்ந்தது என்று கேட்கவும் வழியில்லை. சுயெஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்ட பின்னும், விடைத்தாள் லண்டன் சேர வாரங்கள் ஆகும். அது திருத்தப்பட்டு முடிவு வருமளவும் மாணவன் ஒரு பாதி மனத்தோடேயே வாழ்வான். அவ்வாறு காத்திருந்தவர்களிற் பலர் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பகலெல்லாம் பிறர்க்குப் பாடம் சொல்லி, இரவிலே தம் பாடத்தைத் தாமே படித்தவர்கள்.

அத்தகையோரில் தலைசிறந்தவர் ஒருவர் திருகோணமலை வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையவர். காரைதீவிலே 1892-இல் பிறந்த மயில்வாகனனார், பின்னாளிற் சுவாமி விபுலாநந்தர் எனப் போற்றப்பட்டவர். மட்டக்களப்பிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பிலே பொறியியற் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916-இல் அதன் பட்டயத்தைப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஆசிரியத் தொழில் நடத்திக்கொண்டே லண்டன் பி. எஸ்ஸி. பரீட்சைக்குத் தாமே ஆயத்தமாகி 1920-இல் வெற்றி பெற்றார். ஒரே மனிதர் மூன்று வேறு ஊர்களின் பரீட்சைகளுக்கு விடை எழுதினார் என்பதைக் கருதுங்கள்: கேம்பிரிட்ஜ், மதுரை, லண்டன். கிழக்கிலங்கையில் பிறந்தவர்க்கு அக்காலத்தில் அறிவின் வாயில்கள் அத்தனையும் வெளியூர்களிலே இருந்தன. அவற்றின் திறவுகோல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கோத்தவர் அவர்.

துறவு பூண்டு மீண்ட பின்னர், 1925-இல் இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்புக்கு வந்த திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தும் பணியில் அவர் ஈடுபட்டு, அதன் தலைமையையும் தாங்கினார். தாம் தனித்து நடந்த வழியிலே பிறரைக் கூட்டமாக நடத்திச் செல்லப் பள்ளி ஒன்று வேண்டும் என்பதை அவரினும் அறிந்தவர் இலர். நகரிலே கிறித்தவத் திருச்சபையாரின் பள்ளிகள் முன்னரே இருந்தன, அர்ச். சூசையப்பர் கல்லூரி 1867-இலே தோன்றியது. பெண்பிள்ளைகளுக்கென்று தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923-இல் தொடங்கிய பள்ளியே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. லண்டனார் பெண்களுக்குப் பட்டம் தர இசைந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அப்பள்ளி தோன்றிற்று. விதி திறப்பது வேறு, வீதி திறப்பது வேறு. ஆண்பிள்ளையையே கொழும்புக்குத் தனியே அனுப்பத் தயங்கிய காலத்தில் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்? அவளுக்குப் பள்ளி பக்கத்துத் தெருவுக்கு வந்தால்தான் பரீட்சை என்பதே உண்டு.

கொழும்புக்குச் செல்லும் வழியைச் சிறிது சொல்ல வேண்டும். புகையிரதம் வருமுன், தீவைச் சுற்றியோடிய கரையோர நீராவிக் கப்பல்களே வசதியான சாதனம். 'லேடி ஹவ்லாக்' என்னும் கப்பலின் பெயர் இப்பகுதி முதியோர் நாவில் நெடுங்காலம் வழங்கியது. கப்பல் வரும் நாளன்றி வேறு நாளிற் போக முடியாது. வாடை கொந்தளிக்கும் மாதங்களில் வரும் நாளும் நிச்சயமில்லை. தரைவழியோ தம்பலகாமம், கந்தளாய் கடந்து காட்டினூடே செல்வது. அது காய்ச்சல் நாடு. மலேரியாக் காய்ச்சல் அவ்வழியே சென்றவரை விடுவதரிது. பரீட்சை மேசையிலே குளிர் நடுக்கத்தோடு அமர்ந்தவனுக்கு விடைத்தாளில் தனிப்புள்ளி எதுவும் இல்லை.

1927-இல் திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது. கல்லோயாச் சந்தியிலே மட்டக்களப்புப் பாதையோடு பிரிந்து கந்தளாய் வழியாகத் துறைமுகத்தை வந்தடையும் பாதை அது. கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவு வண்டியில் ஏறினால் மறுநாட் காலை கோட்டை நிலையத்தில் இறங்கலாம். நாட்கணக்கிலிருந்த தூரம் ஓரிரவாகச் சுருங்கியது. சர்வகலாசாலையார் இயற்றிய எந்த விதியையும்விட, புகையிரதப் பகுதியார் அச்சிட்ட நேர அட்டவணைதான் இப்பகுதி மாணவருக்குப் பெரிய சீர்திருத்தம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மூதூரானுக்கும் கிண்ணியாவானுக்கும் அந்தப் புகையிரத நிலையம் குடாவுக்கு அப்பால் நின்றது.

அந்நாட்களிற் கொழும்பிலே 1921-இல் தொடங்கிய சர்வகலாசாலைக் கல்லூரி இயங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் கொழும்பில் இருந்தாலும் பட்டம் லண்டனுடையதே, பரீட்சையும் லண்டனுடையதே. இலங்கைக்கென்று தனிச் சர்வகலாசாலை 1942-ஆம் ஆண்டு ஜூலை முதலாம் நாள் பிறந்தது. அவ்வாண்டை இப்பகுதி மக்கள் வேறொன்றினாலேயே நினைவு கூர்வர். ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். தலைநகரிலே புதிய சர்வகலாசாலைக்குச் சட்டமும் சாசனமும் ஆயத்தமான அதே மாதங்களில், துறைமுக நகரத்துப் பிள்ளைகள் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு உள்நாட்டு உறவினர் வீடுகளைத் தேடிச் சென்றார்கள். அதே யுத்த காலத்தில் லண்டன் சர்வகலாசாலையின் பரீட்சைகள் ஜெர்மனி முதலிய நாடுகளின் யுத்தக் கைதி முகாம்களிலும் நடைபெற்றன என்பதை ஈண்டுக் கூறாது விட இயலாது. 1940-க்கும் 1945-க்கும் இடையில் 88 முகாம்களில், ஏறக்குறைய 11,000 பரீட்சைகள்! முள்வேலிக்குள்ளே அகப்பட்டவனைத் தேடி வினாத்தாள் சென்றது.

1943-இல் விபுலாநந்த அடிகள் இலங்கைச் சர்வகலாசாலையின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பிறர் நாட்டுச் சர்வகலாசாலைக்கு விடை எழுதிப் பட்டம் பெற்றவர், தம் நாட்டுச் சர்வகலாசாலையில் வினா ஆக்கும் இடத்தில் அமர்ந்தார். 1930-களில் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பிக்கவும் பரீட்சிக்கவும் வேண்டிய சொற்களை ஆக்கும் பணியையும் அவர் செய்திருந்தார். தாம் ஆங்கிலத்தில் எழுதிய பரீட்சையை அடுத்த தலைமுறை தமிழில் எழுத வேண்டும் என்பது அவர் கருத்து. 1947-இல் அவர் மறைந்தார். 1960 முதல் சர்வகலாசாலையிலே கலைப்பிரிவு மாணவர் தாய்மொழியிற் பயிலத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் உள்ள தூரம் ஒன்று. வீட்டு மொழிக்கும் வினாத்தாள் மொழிக்கும் உள்ள தூரம் மற்றொன்று. பின்னதைக் கடக்கப் புகையிரதம் உதவாது.

பரீட்சை நடத்தும் பொறுப்புக்கெனத் தனித் திணைக்களம் 1951-இல் அமைந்தது. சர்வகலாசாலைப் புகுமுகப் பரீட்சையைச் சர்வகலாசாலையே சிறிது காலம் நடத்தி வந்தது. 1960-களின் நடுப்பகுதியில் அவ்விடத்தைக் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை பிடித்தது. 1968-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கப் பகிரங்கப் பரீட்சைச் சட்டம், மண்டபத்துக்குள் நிகழும் குற்றங்களை வரையறுத்து அவற்றுக்குத் தண்டமும் விதித்தது. இதனால் மாணவன் தன் மாவட்டத்திலேயே, பெரும்பாலும் அயற் பள்ளியிலேயே, பரீட்சை எழுதும் வசதி பெற்றான். வினாத்தாள் ஒரு காவலோடு ஊர் வந்து சேர்ந்தது. இணைப்பு நிலையத்திலே பூட்டி வைக்கப்பட்டு, காலையில் மண்டபத்திலே மாணவர் முன்னிலையிற் பிரிக்கப்பட்டது. மொரீசியசுக்குச் சென்ற அதே உறையும் அரக்கும்தான். இப்போது கப்பலுக்குப் பதிலாக வண்டி.

இங்ஙனம் வழி சுருங்கியதும், இதுவரை மறைந்து கிடந்த வேறொரு வினா மேலெழுந்தது. பரீட்சையை எல்லாரும் எழுதலாம். ஆனால் இடம் சிலருக்கே உண்டு. யாருக்கு?

1970-களின் கதை தமிழர் மனத்தில் ஆறாத புண். 1971-இல் சர்வகலாசாலையிற் பொறியியல் பயிலப் புகுவதற்குச் சிங்கள மொழியில் எழுதியவர்க்கு 227 புள்ளி போதுமாயிருக்க, தமிழ்மொழியில் எழுதியவர் 250 பெற வேண்டியதாயிற்று. ஒரே மண்டப விதி, ஒரே கடிகாரம்; விடைத்தாள் மண்டபத்தை விட்டு வெளியேறிய பின்னர் அதன் எடை மொழிக்கேற்ப மாறியது. அடுத்துத் தரப்படுத்தல் வந்தது. 1974-இல் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கு ஏற்ப இடம் பகிரும் முறையும் வந்தது. யாழ்ப்பாண மாணவர்க்கு அது பேரிழப்பு. திருகோணமலை மாணவன் நிலையோ இருதலைக் கொள்ளி எறும்பு. தமிழில் எழுதியவன் என்ற வகையில் அவனும் இழந்தான். வசதி குன்றிய மாவட்டத்தான் என்ற வகையில் அவனுக்குச் சில இடங்கள் கிடைத்தன. ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் அரிதாயிருந்த பள்ளியில் பயின்று, முன்னர் ஒருபோதும் மருத்துவக் கல்லூரியின் படியை மிதித்திராத ஊரிலிருந்து ஒருவன் அங்கே சென்றான் என்றால், அதைத் தீது என்று கூற என் நா எழவில்லை. மொழியை வைத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைத்தது அநீதி என்று கூறவும் நான் தயங்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒன்றாகப் பழிப்பதும் ஒன்றாகப் புகழ்வதும் வழக்கமாகிவிட்டது. வரலாறு எழுதுவோர் அவற்றைப் பிரித்துக் காட்டல் வேண்டும்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பரீட்சையின் தாயகமாகிய சீன தேசத்திலே, 1397-ஆம் ஆண்டிற் பேரரசின் உயர்ந்த பரீட்சையிலே தேறியவர் அனைவரும் தென்னாட்டாராய் இருந்தனர். வடநாட்டார் குமுறினார்கள். விடைத்தாள்களை மீண்டும் ஆராய்ந்தவர்களும் முன்னைய முடிவே சரியென்றனர். மன்னன் வெகுண்டு பரீட்சகரைக் கொடுந்தண்டத்துக்கு உள்ளாக்கினான். முப்பது ஆண்டு கழித்து, தெற்கிற்கு நூற்றுக்கு அறுபது, வடக்கிற்கு நாற்பது என்ற பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அச்சீனரே மாகாணங்களிலிருந்து தலைநகருக்குப் பரீட்சைக்குச் செல்வோர்க்கு அரச செலவில் வழிப்பயணத்துக்கு உதவினார்கள். அதனால் அம்மாணவர்க்கு 'அரச வண்டி' என்றே ஒரு பெயர் வழங்கியது. இடத்தைப் பங்கிடுவதோடு வழிச்செலவையும் எண்ணிய அரசு அது. முன்னதை உலகின் பல அரசுகள் பின்பற்றின. பின்னதை நினைத்தவை மிகச் சில.

நம் நாட்டு முறை பலகால் திருத்தப்பட்டது. இக்காலத்தில், கலைத்துறை ஒழிந்த பெரும்பாலான துறைகளுக்கு, நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்ட மக்கட்டொகைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்கள் பதினாறுக்கும் என்று வகுத்திருக்கிறார்கள். திருகோணமலை அப்பதினாறில் ஒன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 'இசட்' புள்ளி என்னும் கணக்கும் வழங்குகிறது. இதனால் அனுமதி விண்ணப்பத்திலே 'மாவட்டம்' என்ற ஒரு சொல்லுக்கு உயிர்ப்பொருள் உண்டாயிற்று. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குப் பரீட்சைக் காலத்தில் மட்டும் குடிபெயர்ந்து வருவோர் சிலர் தோன்றினர். அதைத் தடுக்க, குறித்த ஆண்டுகள் அம்மாவட்டத்துப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். ஒரு காலத்தில் திருகோணமலையான் பரீட்சைக்காக ஊரை விட்டு ஓடினான்; இப்போது பரீட்சைக்காகத் திருகோணமலைக்கு வருபவனைத் தடுக்க விதி வேண்டியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் கோணேசபுரியில் அமைந்துவிட்டது. அங்கே சித்த மருத்துவம் பயில நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் இரவு வண்டியேறி வருகிறார்கள். வண்டி ஒன்றே, திசைதான் மாறியது.

இனி, தொடக்கத்திலே கூறிய துறைக்கு மீள்வோம். மட்டக்களப்பு வழியிலே கிண்ணியா, கங்கை, உப்பாறு, இறால்குழி என்று துறைகள் பல. வண்டிகளையும் மக்களையும் ஏற்றிக் கயிற்றாலும் இயந்திரத்தாலும் அக்கரைக்கு இழுத்துச் செல்லும் மிதவையை இப்பகுதியார் 'பாதை' என்பர். நீரின்மேல் இடம் பெயரும் ஒன்றுக்குப் பாதை என்று பெயரிட்டவர்கள், நிலத்திலே பாதை கிடையாத மக்கள். உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவன் பாதை அக்கரையில் நிற்கக் கண்டால் அவன் நெஞ்சம் எவ்வாறு துடிக்கும்! நோக்குநரிடம் 'பாதை பிந்திவிட்டது' என்று சொல்லலாம். அரை மணி விதிக்கு அது விடையாகாது. ஆதலால் வசதியுள்ள பெற்றோர் பரீட்சைக் காலத்தில் பிள்ளையை நகரத்து உறவினர் வீட்டிலோ விடுதியிலோ கொண்டுபோய் விட்டார்கள். வசதியில்லாதார் வைகறையிலே துறையடிக்கு வந்து நின்றார்கள்.

2009-ஆம் ஆண்டு ஒக்டோபர் 20-ஆம் நாள் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். திறக்கப்பட்டபோது இலங்கையின் மிக நீண்ட பாலம் அது. 2011-இல் மூதூர் வழியிலுள்ள பாலங்களும் நிறைவெய்தின. நூறாண்டுக்கு மேலாகத் துறைகளிலே நின்ற மாணவர் கூட்டம் கலைந்தது. எனினும் முற்றிலும் கலையவில்லை. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மக்கள் தற்காலிக மிதவை ஒன்றிலே கடந்து வந்தார்கள். 2021-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அது பரீட்சை நாள் அன்று. சாதாரணமான ஒரு பாடநாள். அப்பிள்ளைகள் எத்தனையோ ஆண்டு கழித்து எழுதியிருக்க வேண்டிய பரீட்சைக்கு உரிய வழியின் முதற் சிறு பகுதி அது.

காலத்தைப்பற்றியும் ஒன்று சொல்லக் கிடக்கிறது. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் டிசம்பர் மாதத்திலே நடைபெற்றன. இங்கிலாந்திலே அது தவணை முடியும் காலம்; ஆதலால் அவர்களுக்குப் பொருந்தியது. திருகோணமலையிலோ அது வாடைக்காற்றின் உச்சம். ஆண்டு முழுதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையில் இங்கே கொட்டிவிடும்; கடல் சீறும், கங்கை பெருகும், துறைகள் அடைபடும். நாட்டாட்சி வந்தபின் உயர்தரப் பரீட்சை பல ஆண்டுகள் ஓகஸ்ட் மாதத்தில் நடந்தது. கிழக்கிற்கு அது வறண்ட காலம். 2020-இல் கொள்ளைநோயினால் நாட்காட்டி குலைந்தது. பின்னர்ச் சில ஆண்டுகள் அது முன்னும் பின்னுமாக அலைந்து, 2024-இல் நவம்பர் 25-ஆம் நாளுக்கு வந்து நின்றது. கேம்பிரிட்ஜார் அறியாமையால் தேர்ந்த பருவத்தையே ஏறக்குறைய நாமும் தேர்ந்துவிட்டோம்.

பரீட்சை தொடங்கி இரண்டு நாள் கழிந்ததும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் வலுத்தது. கிழக்கும் வடக்கும் நீரில் மூழ்கின. வினாத்தாள் ஒன்றே, அதை ஓரிடத்திற் பிரித்துவிட்டால் மற்றோரிடத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே, வெள்ளத்தால் வர இயலாத மாணவரை விட்டுவிட்டு நடத்துவது, அல்லது நாடு முழுவதும் நிறுத்துவது, இரண்டே வழி. நவம்பர் 27 முதல் பரீட்சை நிறுத்தப்பட்டது. கொழும்பிலே வீட்டு வாசலிலிருந்து மண்டபத்தைக் காணக்கூடிய மாணவனும் புத்தகத்தை மீண்டும் விரித்துக்கொண்டு காத்திருந்தான். டிசம்பர் 4-ஆம் நாள் நீர் வடிந்த பள்ளிக்கூடங்களில் மேசைகளைத் துடைத்து, சுட்டெண்களைப் புதிதாக ஒட்டி, எல்லா மாவட்டங்களிலும் ஒரே வேளையில் உறைகளைப் பிரித்தார்கள்.